ஹர் கோவிந்த் கொரானா

பிரிவினைக்கு முற்பட்ட பஞ்சாபில், முல்தானைச் சார்ந்த நாட்டுப்புறத்தில் இராய்ப்பூர் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ நூற்றுவர். அவருள் எழுத்தறிந்த குடும்பம் அனேகமாக ஒன்றே. அதன் தலைவர் கண்பத் ராய் நிலவரிக் கணக்கர். நம் பக்கத்தில் கர்ணம் என வழங்கிய பணியைப் போன்றது அது. வறுமையிலும் தம் மக்கள் ஐவரையும் கற்பிக்க அவர் உறுதி பூண்டார். அவருள் இளையவராக 1922ஆம் ஆண்டு தோன்றியவரே கொரானா.

முல்தானிலும் இலாகூரிலும் பயின்றபின், 1945இல் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். 1948இல் லிவர்ப்பூலில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு தாயகம் திரும்பியபோதோ, கல்விக்கேற்ற பணி கிட்டவில்லை. பிறந்த ஊரும் வேற்று நாடாகிவிட்டது. மீண்டும் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜ், கனடா, அமெரிக்கா என அவர் வாழ்வு நகர்ந்தது. மரபுக் குறியீட்டின் பொருளை விளக்கியமைக்காக நைரன்பர்க், ஹாலி ஆகியோருடன் 1968இல் நோபல் பரிசு பெற்றதை யாவரும் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாத பணி ஒன்றையே ஈண்டு விரித்துரைக்க விழைகிறேன்.

டி.என்.ஏ. இருபுரிக் கயிறு போன்றது. கொதிநிலையை நெருங்கும் சூட்டில் புரிகள் பிரியும். ஆறும்போது, நாம் இடும் சிறு துணுக்குகள் தமக்கு இணையான இடத்தில் மட்டுமே சென்று ஒட்டும். அவற்றைத் தொடக்கமாகக் கொண்டு நொதியொன்று எஞ்சிய புரியைக் கட்டிமுடிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், முப்பது சுற்றில் நூறு கோடியைக் கடக்கும். இதன் கருவைக் கொரானாவும் அவருடன் ஆய்ந்த நார்வே அறிஞர் கிளெப்பேயும் பிறரும் 1971இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காணலாம். ஆயினும் அந்நாளில் துணுக்குகளைச் செய்வது பெரும்பாடு. நொதியோ சூட்டில் கெடும். எனவே அக்கருத்து உறங்கிற்று. 1983இல் கேரி முல்லிசு என்பார் அதனைத் தாமே கண்டு, பி.சி.ஆர். முறையாக வளர்த்தார்.

இதன் அருமையைக் குழந்தைகளிடத்தே காணலாம். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் குருதியில் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் பதினெட்டுத் திங்கள் வரையிலும் தங்கக்கூடும். ஆதலின் அவற்றைத் தேடும் சோதனை, நோயற்ற குழந்தையையும் நோயுற்றதாகக் காட்டிவிடும். காத்திருக்கலாமோ எனின், மருந்து பெறாத நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதி இரண்டு வயதுக்குள் மாளும். அவ்வைரசோ வெள்ளணுவினுள் புகுந்து, தன் செய்தியை டி.என்.ஏ.வாகப் பெயர்த்து, அவ்வணுவின் மரபுநூலிலேயே செருகிவிடுவது. ஆறாவது வாரத்தில் குதிகாலிலிருந்து எடுத்துத் தாளில் உலர்த்திய சில குருதித் துளிகள் போதும். செருகிய அப்பகுதியைப் பெருக்கிக் கண்டறியலாம். இல்லையென்று வந்தாலும் பின்னர் மீண்டும் சோதிப்பர்.

2020இல் பாலக்கோடு போன்ற ஊர்களிலும் மூக்கில் பஞ்சுமுனை விட்டு எடுத்த மாதிரிகளுக்குச் செய்ததும் இச்சோதனையே. அந்நோயின் வைரஸ் ஆர்.என்.ஏ. உடையதாதலின் முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டனர். அந்நோயின் பெயரும் இவர் பெயரும் ஒலியால் நெருங்குவது தற்செயலே.

முல்லிசு 1993இல் நோபல் பரிசு பெற்றார். கொரானாவோ அதற்குப் பல்லாண்டு முன்பே கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சின் என்னும் புரதத்தின் ஆய்வில் ஆழ்ந்துவிட்டிருந்தார். அமெரிக்காவின் மாசாசூசெட்சு மாநிலத்தில் 2011 நவம்பர் 9ஆம் நாள் மறைந்தார்.