அடியார் கதை சொன்ன அண்டிரிக் அடிகளார்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் புன்னைக்காயல். இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்.

கொற்கையை எல்லோருக்கும் தெரியும். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கடல் விலகிப் போயிற்று. துறைமுகமும் கடலைத் தேடிப் பின்னாலேயே போயிற்று. கொற்கைக்குப் பிறகு பழைய காயல். அதற்கும் பிறகு புன்னைக்காயல்.

1547ஆம் ஆண்டில் இந்தக் கரைக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்தார். வயது 27. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. 53 ஆண்டுகள் கழித்து, இதே புன்னைக்காயலில் அவர் கண்ணை மூடினார். அதற்குள் தமிழில் 4 புத்தகங்களை அச்சில் ஏற்றிவிட்டார். இந்திய மொழி எதுவும் அதற்கு முன்பு தன் சொந்த எழுத்தில் அச்சாகி இந்த மண்ணில் வெளிவந்ததில்லை.

அவர் பெயர் என்றிக்கே என்றிக்கஸ். தமிழர் வாயில் அது அண்டிரிக் ஆயிற்று. அண்டிரிக் அடிகளார் என்றே தமிழ்ப் புத்தகங்கள் அவரைக் குறிக்கின்றன.

பிறப்பு செய்த குற்றம்

போர்ச்சுக்கல் நாட்டில் வில்லா விசோசா என்று ஓர் ஊர். அங்கே 1520இல் அவர் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் அவருடைய முன்னோர்கள் யூதர்கள்.

இதில் என்ன வந்தது என்று இன்று தோன்றும். அன்று அது பெரிய விஷயம். 1497இல் போர்ச்சுக்கல் அரசன் தன் நாட்டு யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் பெற வைத்தான். அப்படி மாறியவர்களுக்குப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று ஒரு பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கும் பேரனுக்கும் கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே கிறிஸ்தவன், வீட்டுக்குள் யூதன் என்ற சந்தேகம் அவர்களை விடவில்லை. 1536இல் அதை விசாரிப்பதற்கென்றே தனி மன்றம் ஏற்பட்டது. அப்போது என்றிக்கஸுக்கு 16 வயது.

அவர் துறவியாக விரும்பினார். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஆனால் பூர்வீகம் வெளிப்பட்டது. சபை அவரை அனுப்பிவிட்டது. அவர் செய்த தவறு ஒன்றும் இல்லை. பாட்டன் யார் என்பதுதான் குற்றம்.

பிறகு கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545இல் ஏசு சபையில் சேர்ந்தார். அங்கேயும் ஒரு முள் இருந்தது. வேறு சபையில் இருந்து வந்தவர்களைச் சேர்க்க அந்தச் சபையின் விதி இடம் கொடுக்கவில்லை. விதிவிலக்கு வேண்டும். அது கிடைத்தது. மறு ஆண்டே கப்பல் ஏறிக் கோவாவில் வந்து இறங்கினார். பிறகு அவர் தாய்நாட்டைப் பார்க்கவே இல்லை.

மீசை ஆன பூசை

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்புதான் கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்திருந்தார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து ஊர் ஊராக நடந்து ஜெபம் கற்றுக்கொடுத்தார். சவேரியாருக்குத் தமிழ் வராது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, சொல்லிக் கொடுத்தார்.

அதில் வேடிக்கையான பிழைகள் நேர்ந்தன. நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று இருந்தது. ஜனங்களும் பக்தியோடு எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சவேரியாரே அதைத் தெரிந்துகொண்டு, விசுவாசம் என்ற சொல்லைப் போடச் செய்தார். இன்னொரு கூத்து பூசைக்கு நேர்ந்தது. லத்தீனில் பூசைக்கு மிசா என்று பெயர். அது ஜனங்கள் வாயில் மீசை ஆகிவிட்டது! அதைக் கண்டு திருத்தியவர் அண்டிரிக்.

அவரும் முதலில் மொழிபெயர்ப்பாளனை வைத்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்தார். தான் சொன்னது ஒன்று, ஜனங்கள் காதில் விழுந்தது ஒன்று என்பது விரைவில் புரிந்துவிட்டது. உட்கார்ந்து தமிழ் படிக்க ஆரம்பித்தார். அவருக்கு முன் எந்த ஐரோப்பியனும் தமிழுக்கு இலக்கணம் எழுதி வைத்திருக்கவில்லை. லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இது வேற்றுமை, இது இறந்தகாலம், இது எதிர்காலம் என்று தானே கண்டுபிடித்து எழுதிக்கொண்டார். இரவும் பகலும் இதே வேலை. உடம்போ நோஞ்சான் உடம்பு. சுமார் 5 மாதத்தில் மொழிபெயர்ப்பாளன் துணை இல்லாமல் பேச ஆரம்பித்துவிட்டார். 1548 அக்டோபர் கடைசி நாளில் வேம்பாரில் இருந்து, ரோமாபுரியில் இருந்த சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு இந்தச் சேதியைக் கடிதமாக எழுதினார்.

அவர் படித்த தமிழ் புலவர் தமிழ் அல்ல. வலை உணர்த்துகிறவர்களும் முத்துக் குளிக்கிறவர்களும் பேசிய தமிழ். அதையே இலக்கணமாக எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரை ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இன்று அந்தக் கையெழுத்து ஏடு உதவுகிறது.

1549இல் வேதாளையில் நடந்த சண்டையில், முத்துக்குளித்துறைப் பாதிரியார்களின் தலைவரான அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு அண்டிரிக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்த ஊரில் துறவிகள் மடத்துக் கதவு யாருக்குச் சாத்தப்பட்டதோ, அவர் இங்கே மற்றப் பாதிரியார்களுக்கெல்லாம் தலைவர் ஆனார். 25 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பை வகித்தார்.

தலைவர் ஆனதும் ஒரு சட்டம் போட்டார். பாதிரியார்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும். போர்ச்சுக்கீசிய வார்த்தை வாயில் வந்தால் தண்டனை! பாவம், புதிதாக வந்தவர்கள் எவ்வளவு திண்டாடியிருப்பார்கள்!

மூன்றாவது காது

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பாவசங்கீர்த்தனம் என்பது கத்தோலிக்கர்களின் வழக்கம். மனிதன் தன் வாழ்க்கையில் செய்த தவறுகளைக் குருவின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். அதை அவர் வெளியே சொல்லக் கூடாது.

குருவுக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன ஆகும்? நடுவில் மொழிபெயர்ப்பாளன் நிற்பான். அவனுக்கு ஊரும் தெரியும், ஆளும் தெரியும். கட்டிய மனைவியிடம் கூடச் சொல்லாததை அந்த மூன்றாவது காதுக்கு எப்படிச் சொல்வது? பெண்கள் பாடு இன்னும் கஷ்டம்.

ஒரு மனிதனைப் பற்றிய இரகசியம் ஊர் அறிந்தால் அவனுக்கு என்ன நேரும் என்பது அண்டிரிக்குக்குத் தெரியாதா? அவர் தமிழ் கற்றதால் நடுவில் ஆள் தேவையில்லாமல் போயிற்று. ஜனங்கள் அவரிடம் தனியே வந்து மனத்தைத் திறந்தார்கள்.

புன்னைக்காயலில் 1550 வாக்கில் ஏழை நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி வைத்தார். அதை நடத்த ஊர் ஜனங்களே பணம் கொடுத்தார்கள். 1553இல் கடல் வழியே வந்த படை ஊரைச் சூறையாடியது. 1560இல் போர்ச்சுக்கீசியர்கள் மன்னாரைப் பிடித்துப் பரதவர்களில் ஒரு பகுதியினரை அங்கே குடியேற்றியபோது, அவரும் மன்னாருக்குப் போய்ச் சில காலம் இருந்தார். மீண்டும் முத்துக்குளித்துறைக்கே வந்து சேர்ந்தார்.

ஈயத்தில் தமிழ் எழுத்து

தமிழ் முதன்முதலில் அச்சானது 1554இல் லிஸ்பன் நகரில். ஆனால் அது ரோமன் எழுத்தில் அச்சான தமிழ். நம் ஜனங்களுக்கு அது பயன்படாது. அவர்கள் படித்தது ஓலைச் சுவடி. ஓலையில் எழுத ஒரு பிரதிக்கு ஒரு தடவை ஆணி பிடிக்க வேண்டும்.

1577இல் கோவாவில் ஜுவான் கொன்சால்வஸ் என்பவர் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். 1578இல் ஜுவான் டி பாரியா என்ற பாதிரியார் கொல்லத்தில் மறுபடியும் வார்த்தார். செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிச் சம்பாதித்த காசில்தான் தமிழ் அச்சு பிறந்தது.

1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. 16 பக்கம். மொழிபெயர்த்தவர் அண்டிரிக். மனுவேல் என்ற பாதிரியார் உதவினார். கடவுளுக்குத் தம்பிரான் என்ற சொல்லைப் போட்டதைக் கவனிக்க வேண்டும். சைவ மடங்களில் வழங்கிய அந்தச் சொல் ஜனங்களுக்கு உடனே புரியும்.

மறு ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. இது பெரிய புத்தகம். 1580இல் கொம்பெசியொனாயரு. பெயர்தான் வாயில் நுழையாது! பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படித் தயார் ஆவது, எதை எதை நினைத்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம்.

அந்த அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஓலையில் எப்படி எழுதினார்களோ, அப்படியே ஈயத்தில் வார்த்துவிட்டார்கள். இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் திணறிப் போகும்.

அடியார் வரலாறு

1586இல் அவருடைய மிகப் பெரிய புத்தகம் வெளிவந்தது. அடியார் வரலாறு. லத்தீனில் புளோஸ் சாங்தோரும், அதாவது புனிதர்களின் மலர். சுமார் 670 பக்கம். புன்னைக்காயலில் அச்சானது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சேதி.

முதல் 3 புத்தகங்களும் ஜெபமும் போதனையும். இது கதைப் புத்தகம். ஆண்டு முழுவதும் வரும் திருநாள்களின் வரிசைப்படி புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லுவது. இன்று யாருக்குத் திருநாளோ, அவர் கதையை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

அந்தப் புனிதர்களின் கதையில் ஒளிவு மறைவு கிடையாது. இராயப்பர் மீன் பிடித்தவர். பயத்தில் தன் ஆண்டவரையே தெரியாது என்று 3 முறை சொன்னவர். சின்னப்பர் முதலில் கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடித்துச் சிறையில் போட்டவர். இருவருமே யூதர்கள். புன்னைக்காயலில் வலை இழுக்கிற மனிதனுக்குப் புனிதரும் வலை இழுத்தவர் என்று கேட்பது எப்படி இருந்திருக்கும்!

கதை சொன்ன அடிகளாரின் பூர்வீகமோ ஐரோப்பாவில் மறக்கப்படவில்லை. 1593இல் ரோமாபுரியில் ஏசு சபையின் பொதுச்சங்கம் கூடியது. யூதர் வழியிலோ முஸ்லிம் வழியிலோ வந்தவர்களை இனிமேல் சபையில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. அப்போது அண்டிரிக்குக்கு வயது 73. சபையில் சேர்ந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இளைஞராக அன்று வந்து நின்றிருந்தால், எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். தமிழுக்கு அந்த 4 புத்தகங்களும் கிடைத்திருக்காது. 1608இல் அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுவதும் எடுத்தது 1946இல்.

கடை அடைத்த நாள்

1600ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், 80 வயதில், புன்னைக்காயலில் அவர் உயிர் பிரிந்தது. உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள். அவருக்காக அக்கம் பக்கத்து ஊர்களில் முஸ்லிம்கள் பட்டினி இருந்தார்கள் என்றும், இந்துக்கள் பட்டினி இருந்து கடைகளை அடைத்தார்கள் என்றும் ஏசு சபையாரின் குறிப்புகள் சொல்லுகின்றன.

பிறகு அந்தப் புத்தகங்களையும் மறந்துபோனார்கள். மிஞ்சியவை உலகத்தின் நாலு மூலைக்கும் போய்விட்டன. தம்பிரான் வணக்கம் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கொம்பெசியொனாயரு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது. அடியார் வரலாறு வாத்திகன் நூலகத்தில் இருக்கிறது. இலக்கணக் கையெழுத்து ஏடு லிஸ்பனில்.

அடியார் வரலாற்றை இராசமாணிக்கம் என்ற ஏசு சபைப் பாதிரியார் 1967இல் தூத்துக்குடியில் மறுபடியும் பதிப்பித்தார். இலக்கண ஏடு 1982இல் முழுவதும் அச்சாயிற்று. 2013இல் வி. எஸ். இராஜம் என்ற தமிழ்ப் பெண்மணி, ஜீன் ஹெயின் என்ற அமெரிக்கப் பெண்மணியுடன் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.