நீலத்தில் முடிந்த ஓவியர்

இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவுகொள்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலத்தில், 1942ஆம் ஆண்டு, விமானப்படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் டெரக் ஜார்மன். அச்சட்டம் ஓரளவு தளர்ந்த 1967இல் அவருக்கு வயது 25. லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்ற அவர், கென் ரஸ்ஸலின் 'தி டெவில்ஸ்' (1971) படத்துக்குப் பிரம்மாண்டமான அரங்குகளை வடிவமைத்தார். தம் சொந்தப் படங்களுக்கு அவர் எடுத்துக்கொண்டதோ, குடும்ப விழாக்களைப் பதிவுசெய்ய உதவும் சூப்பர் 8 படக்கருவியை.

பால் ஹம்ஃப்ரெஸ்ஸுடன் சேர்ந்து இயக்கிய 'செபாஸ்டியான்' (1976) முழுவதும் லத்தீன் மொழியில் பேசியது. ஆங்கிலேயர் எடுத்த படத்துக்கு ஆங்கிலத் துணையுரை! நடிப்பில் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆயினும் ஆண் உடலைக் கேலியோ இரக்கமோ இன்றிக் காமத்தின் ஒளியில் காட்டிய துணிவு பிரிட்டிஷ் திரைக்குப் புதிது.

'கரவாஜியோ'வுக்காக ஏழாண்டுகள் பணம் தேடி அலைந்தார். திரைக்கதையைப் பலமுறை திருத்தி எழுதினார். இத்தாலிக்குச் செல்ல வசதியில்லை. லண்டன் கிடங்கொன்றிலேயே ரோமாபுரி எழுந்தது. தமக்கு முன் நிற்கும் முரடன் ரனூச்சியோவுக்கு ஓவியர் ஒவ்வொன்றாகப் பொற்காசு வீச, அவன் அவற்றை வாயில் அடக்கிக்கொள்கிறான். காதல், கூலி, அதிகாரம் மூன்றும் அந்த ஒரு காட்சியில் பிரிக்கவியலாது கலந்துவிடுகின்றன. அவரது படைப்புகளில் முழுமையானது இதுவே எனலாம்.

படம் வெளிவந்த 1986ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. நோயின் பெயரைச் சொன்னாலே வேலையும் வீடும் பறிபோன நாட்கள் அவை. ஜார்மன் வெளிப்படையாக அறிவித்தார். உள்ளாட்சி மன்றங்கள் தன்பால் ஈர்ப்புக்கு ஆதரவாகச் செயல்படலாகாதெனத் தடுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை எதிர்த்து வீதியில் இறங்கினார். மார்லோவின் நாடகத்தைத் தழுவிய 'எட்வர்ட் II' (1991) படத்தில், காதலனுக்காக அரசிழந்த மன்னனின் படையாக நிகழ்காலப் போராட்டக்காரர்களையே நிறுத்தினார். அச்சட்டப்பிரிவு இங்கிலாந்தில் நீங்கியது 2003இல்; அப்போது அவர் இல்லை.

டஞ்சனெஸ் கடற்கரையில், அணுமின் நிலையத்தின் பார்வையில், தார் பூசிய கறுப்புக் குடில் ஒன்றை வாங்கியிருந்தார். கூழாங்கல் வெளியில், கரையொதுங்கிய மரத்துண்டுகளுக்கிடையே, உப்புக்காற்றைத் தாங்கும் செடிகளை வளர்த்தார். அத்தோட்டத்துக்கு வேலியில்லை.

நோய் பார்வையைப் பறிக்கத் தொடங்கியது. இவ் க்ளீனின் நீலநிறம் பற்றி நெடுநாள் சுமந்திருந்த எண்ணம் அப்போதுதான் தனக்குரிய பொருளைக் கண்டது. 'ப்ளூ' (1993) படத்தில் 79 நிமிடங்களும் திரையில் நீலம் மட்டுமே, முகமில்லை, அசைவில்லை. மருத்துவமனைக் காத்திருப்புகளையும் இறந்த நண்பர்களின் பெயர்களையும் குரல்கள் சொல்லிச் செல்கின்றன. ஓவியரின் கடைசிப் படம் சொல்லை நம்பியே நின்றது. ஜார்மன் 1994 பிப்ரவரி 19இல் மறைந்தார்.

முந்தைய செப்டம்பரில் அப்படம் தொலைக்காட்சியில் ஓடிய அதே வேளையில் பி.பி.சி. வானொலியிலும் ஒலித்தது. விரும்பிய நேயர்களுக்கு, கேட்கும்போது பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நீல அட்டை அனுப்பப்பட்டது.