ஜோஸப் ஹோவும் பத்திரிகை உடைமையும்

பத்திரிகையை உடையவரின் நெஞ்சுறுதி எவ்வளவோ, அவ்வளவே பத்திரிகையின் சுதந்திரம். இதற்குக் கனடாவின் நோவாஸ்கோஷியா மாகாணத்து ஜோஸப் ஹோவின் சரித்திரத்தினும் சிறந்த சான்றை நாம் அறியோம்.

ஹோ 1804-ம் ஆண்டு ஹாலிபாக்ஸ் நகரில் பிறந்தார். தந்தை சர்க்காரின் அச்சு உத்தியோகத்தை வகித்தவர். மகனுக்குப் பள்ளிப்படிப்பு சொற்பம், அச்சுக்கூடமே கலாசாலை. 1827-ம் ஆண்டின் இறுதியில் 'நோவாஸ்கோஷியன்' பத்திரிகையை அவர் விலைக்கு வாங்கினார். 1835 ஜனவரி 1-ந் தேதி, நகர மாஜிஸ்திரேட்டுகளும் போலீஸாரும் ஏழைகளிடம் பணம் பறித்து வந்ததாகக் கூறும் கடிதமொன்றை அதில் வெளியிட்டார். உடனே அவர்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. அக்காலச் சட்டப்படி, எழுதியது உண்மையென்று நிரூபித்தாலும் குற்றம் நீங்காது. வக்கீல்கள் கைவிரித்தனர். ஹோ சட்ட நூல்களை இரவல் வாங்கிப் பயின்று, தாமே ஆறு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். ஜூரர்கள் பத்தே நிமிஷங்களில் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்ப்பளித்தனர்.

மறு ஆண்டில் ஜனங்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினர். 1848-ல், பிரிட்டிஷ் காலனிகளுள் முதன்முதலாகப் பொறுப்பாட்சி அம்மாகாணத்தில் ஏற்பட்டதற்கு அவருடைய முயற்சி முக்கிய காரணமாகும். 1873-ல் மாகாண லெப்டினன்ட் கவர்னராக இருக்கையில் அவர் காலமானார்.

அதே ஹாலிபாக்ஸ் நகரின் 'க்ரானிகிள் ஹெரால்டு' பத்திரிகை 2024-ல் டொரான்டோவின் போஸ்ட்மீடியா கம்பெனியின் வசமாயிற்று. ஹோ தம் பத்திரிகைக்காகக் கூண்டில் ஏறி நின்றார். தூரத்துப் பங்குதாரர் அவ்வாறு நிற்பாரா? லாபத்தைப் பெறும் உரிமை மட்டும் உடைமையன்று. அச்சிட்டதற்குப் பொறுப்பேற்று நிற்கும் கடமையும் அதில் அடங்கும் என்பதே நமது துணிபு.