கங்காரு வாலுக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்? ஜி.என்.ராமச்சந்திரன் கண்டுபிடித்த கயிறு

கேன்சர் கட்டி என்றாலே கெட்டியாக இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கெட்டித்தன்மையில் பெரும்பங்கு, செல்களைச் சுற்றியிருக்கும் நார்வலைக்கு உண்டு. அந்த வலையின் முக்கியப் புரதம் கொலாஜன். அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னையில் இருந்த ஒரு இளம் பேராசிரியர்.

ஜி.என்.ராமச்சந்திரன், 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூருவில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படிக்கப் போனவரை சர் சி.வி.ராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்து கேம்பிரிட்ஜ். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர். அப்போது முப்பது வயதுகூட முழுசா ஆகலை!

சென்னை வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் அமைப்பு இன்னும் புதிராகவே இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்ல, ராமச்சந்திரனுக்குப் பொறி தட்டியது. சென்னைக்கு பஸ் ஏறும் புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான அடையாறு-கிண்டி பக்கம்தான் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிடைத்தது கங்காரு வால் தசைநார். அதை எக்ஸ்ரேயில் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் விடை சொன்னார்: மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். காரணம் சிம்பிள், கயிற்றின் நடுவில் அந்தக் குட்டி அமினோ அமிலத்துக்கு மட்டும்தான் இடம்.

அணுக்கள் ரொம்ப நெருங்கி நிற்பதாக கிரிக்கும் ரிச்சும் விமர்சித்தார்கள். ராமச்சந்திரன் சோர்ந்துவிடலை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்குப் போட்டதில் பிறந்ததுதான் 1963-ன் 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரத ஆய்வாளர்கள் இன்றும் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நோபல் மட்டும் வரவில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

அவர் கேன்சரை ஆராய்ந்தவர் இல்லை. ஆனால் அந்தக் கயிறு இறுகினால் என்ன ஆகும் என்பது இன்று பெரிய ஆய்வுத்துறை. வாய், குடல், மார்பகக் குழாய் ஆகியவற்றின் உள்பக்கத்தை மூடியிருப்பவை எபிதீலியல் செல்கள். கீழே இருக்கும் வலை மென்மையா, விறைப்பா என்பதை இவை இழுத்துப் பார்த்தே உணர்கின்றன. விறைப்பு கூடினால், வளரச் சொல்லும் சிக்னல்களும் கூடுகின்றன. 1997-ல் அமெரிக்காவில் மினா பிஸ்ஸல் குழு, மார்பகப் புற்றுச் செல்கள் வலையைப் பிடிக்கும் ஒரு 'கைப்பிடி'யை ஆய்வகத்தில் அடைத்தது. மரபணுக் கோளாறு அப்படியே இருந்தும், அந்தச் செல்கள் ஒழுங்காக அடுக்கி நின்றன.

நம்ம ஊரில் இதற்கு உதாரணம் பாக்கு. அதன் ரசாயனங்கள் வாய்க்குள் கொலாஜனைக் குவித்து இறுக்குகின்றன. இதுதான் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். ராமச்சந்திரன் பிறந்த அதே எர்ணாகுளம் மாவட்டத்தில், இந்தப் பாதிப்புள்ள 66 பேரை 17 ஆண்டுகள் கவனித்தார்கள். 5 பேருக்கு வாய்ப்புற்று வந்தது. புகையிலை கலக்காத பாக்கு சேஃப் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லிவிட்டது. காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுசா திறக்க முடியலை என்றால் உடனே பல் டாக்டரைப் பாருங்கள்.