சூரியனின் கரும்புள்ளியை ஆராய்ந்த எவர்ஷெட்

கொடைக்கானல் மலையில் ஒரு வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சூரியனை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஜான் எவர்ஷெட்.

அவர் 1864-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி இங்கிலாந்தில், சர்ரே மாவட்டத்தில் உள்ள கோம்ஷல் கிராமத்தில் பிறந்தார். லண்டனில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஓய்வு நேரம் முழுவதையும் சூரிய ஆராய்ச்சிக்கே செலவிட்டார். கருவிகள் பலவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்டார். 1898-ம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க இந்தியாவுக்கு வந்தார்.

பஞ்சமும் சூரியனும்

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. பழனி மலைத் தொடரில் உள்ள கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 7,700 அடி உயரத்தில், மிச்சி ஸ்மித் என்பவர் பொறுப்பில் நிலையம் உருவாயிற்று.

அங்கே பணியாற்ற 1907 ஜனவரியில் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். மனைவி மேரியும் உடன் வந்தார். அவரும் வான நூல் கற்றவர். அப்போது மலை ஏற மோட்டார் சாலை கிடையாது. அடிவாரம் வரை மாட்டு வண்டி. அதன் பிறகு குதிரை அல்லது டோலிதான்!

விசிலும் ஒளியும்

ரெயில் நம்மை நோக்கி வரும்போது அதன் விசில் உச்சமாகக் கேட்கும். கடந்து போனதும் சத்தம் தாழ்ந்துவிடும். ஒளியும் இப்படித்தான். சூரிய ஒளியை வானவில் போலப் பிரித்தால், நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஒளி விடும் வாயு நம்மை நோக்கி வந்தால் கோடுகள் ஊதா நிறப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும்.

1908-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹேல், கரும்புள்ளிகளில் காந்த சக்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். அங்கே வாயு சூறாவளி போலச் சுழல்கிறது என்று பலரும் நினைத்தார்கள். அந்தச் சுழற்சியைப் பிடிக்கவே எவர்ஷெட்டும் முயன்றார்.

1909 ஜனவரி 5-ந் தேதி வானம் தெளிவாக இருந்தது. படம் எடுத்தார். கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால் சுழற்சிக்கு உரிய விதத்தில் அல்ல! சூரியனின் நடுவே இருந்த புள்ளியில் கோடுகள் நகரவில்லை. ஓரத்தை நெருங்கிய புள்ளியில் நன்றாக நகர்ந்தன. அந்தப் புள்ளியின் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வந்தது. எதிர்ப்பக்கத்து வாயு விலகிப் போனது.

அவர் அவசரப்படவில்லை. வேறு புள்ளிகளையும் மீண்டும் மீண்டும் படம் எடுத்தார். முடிவு மாறவில்லை. வாயு சுழலவில்லை. புள்ளியின் உள்ளிருந்து நாலா பக்கமும் வெளியே பாய்கிறது. வேகம், நொடிக்குச் சுமார் 2 கிலோ மீட்டர்!

பெரியவர்கள் சொன்னதை விட, கண்ணாடித் தகட்டில் பதிந்ததையே அவர் நம்பினார். அந்த ஆண்டே முடிவை வெளியிட்டார். அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பெயர் வழங்கலாயிற்று.

தேடி வந்த பெருமை

1911-ல் அவர் நிலையத்தின் தலைவரானார். 1915-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1918-ல் ராயல் வானவியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

1923-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். ஆனால் சூரியனை விடவில்லை. வீட்டிலேயே கருவிகள் அமைத்து ஆராய்ந்தார். 1956 நவம்பரில், 92-வது வயதில் காலமானார்.

கரும்புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்லும் எளிய கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் சூரியனின் ரகசியம் ஒன்று வெளிப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடைக்கானலில் எடுத்த சூரியப் படங்கள் இன்றும் உலக விஞ்ஞானிகளுக்குப் பயன்படுகின்றன.