மருந்துக்கு விதி வகுத்த இப்னு சீனா

புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் கி.பி. 980-ல் பிறந்தவர் வைத்திய மேதை இப்னு சீனா. வாலிபப் பருவத்திலேயே மன்னர் நூஹ் பின் மன்சூரின் நோய்க்கு வைத்தியம் செய்யச் சென்று, அரண்மனை நூலகத்தில் படிக்கும் அனுமதியைப் பெற்றார்.

அவரது 'அல்கானூன்' ஐந்து பாகங்களைக் கொண்டது. இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்து உடம்பில் என்ன செய்யும் என்று அறிவதற்கு நிபந்தனைகள் விதித்தார். வேறு நோய் கலவாத ஒற்றை நோயில் மருந்தைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இரு நோய்களில் கொடுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒருமுறை குணம் தெரிந்தால் போதாது. பலமுறை தெரிய வேண்டும். சிங்கத்துக்கும் குதிரைக்கும் கொடுத்துப் பார்த்து மனிதனுக்கு இப்படித்தான் என்று முடிவு கட்டலாகாது. இன்றும் புதிய மருந்துகளை இறுதியில் மனிதரிடமே சோதிப்பதை நாம் காண்கிறோம்.

இப்படிப்பட்டவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். கடும் வயிற்றுவலியால் வாடியபோது, தம் மருந்தில் 2 தானிக் செலரி விதை சேர்க்கச் சொன்னார். வைத்தியர் ஒருவர் 5 திர்ஹம் எடை போட்டுவிட்டார். 6 தானிக் கொண்டது 1 திர்ஹம்; ஆக, பதினைந்து மடங்கு! நம் கடைத் தராசில் பிசகினால் காசோடு போகும். அவருக்கோ குடல் புண் அதிகமாயிற்று. பணம் திருடிய பணியாட்கள் வேறொரு மருந்தில் அபினை அதிகம் கலந்தார்கள் என்றும் சீடர் ஜூஸ்ஜானி எழுதியிருக்கிறார்.

ஓரளவு தேறியவர், ஹமதான் செல்லும் வழியில் மீண்டும் நோயுற்றார். இனிப் பயனில்லை என்று மருந்தை நிறுத்திவிட்டார். 1037-ல் வபாத்தானார். அவரது கப்ரு ஹமதானில் இருக்கிறது.