சாயமும் வெயிலும்: ஹெர்மன் ஃபான் டாப்பைனர்

ஹெர்மன் ஃபான் டாப்பைனர் என்ற பெயரைத் தோல் மருத்துவர்கள் அறிவார்கள். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆரம்ப நிலைத் தோல் புற்றைக் கத்தி வைக்காமல், ஒரு களிம்பும் சிவப்பு விளக்கும் கொண்டு குணப்படுத்தும் சிகிச்சை இன்று ஜெர்மனியில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதன் வேரைத் தேடிப் போனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய மியூனிக் நகரத்துக்கும் இந்த மனிதரிடத்துக்கும்தான் வந்து சேர்கிறோம்.

டாப்பைனர் 1847-ல் மெரான் என்ற மலையூரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியாவின் டிரோல் பகுதி. முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலிக்குப் போய்விட்டது. தந்தை ஃபிரான்ஸ் டாப்பைனர் மருத்துவர். வெயிலுக்கும் காற்றுக்கும் பெயர் பெற்ற மெரான், நோயாளிகள் தேடி வரும் ஊராக வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் அமைத்த மலைப்பாதை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

மகன் மருத்துவம் படித்தாலும் ஆராய்ச்சிப் பக்கமே சாய்ந்தார். காசநோயாளியின் சளியை நுண்துளிகளாகத் தூவிச் சுவாசிக்க வைத்தால் நாய்களுக்கும் காசநோய் வரும் என்று 1870-களின் இறுதியில் காட்டினார். மாட்டின் இரைப்பையில் புல் எப்படிப் புளித்துச் செரிக்கிறது என்றும் ஆராய்ந்தார். பின்னர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார்.

ஜெர்மனி அப்போது சாயங்களின் தேசம். நிலக்கரித் தாரிலிருந்து நிறம் நிறமாகச் சாயங்கள் வந்துகொண்டிருந்தன. நம் ஊர் அவுரிச் சாயத்தின் வியாபாரத்தைச் சாய்த்த செயற்கை நீலமும் 1897-ல் அங்கிருந்துதான் சந்தைக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் டாப்பைனரின் மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் என்ற தார்ப்பொருள் பாரமீசியம் என்னும் ஒற்றைச்செல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

கணக்கு ஒத்துவரவில்லை. அதே கரைசல், அதே அளவு. ஆனால் ஒரு நாள் உயிரிகள் சீக்கிரமே மடிந்தன, இன்னொரு நாள் பல மடங்கு நேரம் உயிரோடிருந்தன. இடிமழையால் வானம் இருண்டிருந்த நாளில்தான் அவை அதிக நேரம் தாங்கின என்பது ராபுக்கு உறைத்தது. வேறுபாடு வெளிச்சத்தில் இருந்தது! வெளிச்சம் மட்டும் அவற்றைக் கொல்லவில்லை. அந்த அளவு அக்ரிடின் இருட்டில் அவ்வளவாகக் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் நஞ்சானது.

டாப்பைனரை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். ஒத்துவராத கணக்கை மாணவனின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது எந்தப் பேராசிரியருக்கும் எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. 1900-ல் ராபின் கட்டுரை ராபின் பெயரிலேயே வந்தது. அதைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையின் தலைப்பிலும், இவை ராபின் சோதனைகள் என்று டாப்பைனர் குறிப்பிட்டார். மாணவரின் உழைப்பு பேராசிரியரின் பெயருக்குள் கரைந்துபோவது ஆய்வுலகில் அரிதல்ல என்பதால் இதைச் சொல்கிறேன்.

மருந்தாகும் வாய்ப்பை அவர் உடனே கண்டார். 1903-ல் தோல் மருத்துவர் ஆல்பர்ட் யெசியோனெக்குடன் சேர்ந்து, சிவப்பு மையில் பயன்பட்ட இயோசின் சாயத்தைத் தோல் புற்றின் மேல் பூசி, வெயிலிலோ வில்விளக்கின் ஒளியிலோ காட்டினார். முகத்தில் புற்று வந்த ஆறு பேரில் நால்வருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. ஓராண்டு வரை திரும்பவில்லை. இதற்கு ஆக்ஸிஜனும் வேண்டும் என்பதை யோட்ல்பௌவருடன் சேர்ந்து நிறுவி, ஒளியின் இயக்கம் என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார். இன்றும் உலகெங்கும் இந்தச் சிகிச்சைக்கு அந்தப் பெயர்தான்.

கார்போக அரிசியைப் பூசி வெண்புள்ளிகளை வெயிலில் காட்டும் வழக்கம் நம் நாட்டில் வெகுகாலமாக உண்டு. அதில் வேதிவினை வேறு. ஆனால் மருந்தையும் வெயிலையும் இணைக்கும் எண்ணம் ஒன்றே.

பிறகு அந்த வழி ஏன் மறக்கப்பட்டது? எக்ஸ் கதிரும் ரேடியமும் மருத்துவர்களின் கவனத்தைக் கவர்ந்துவிட்டன. புற்றுச்செல்லில் மட்டும் தங்கும் சாயமும் கையில் இல்லை. உடலுக்குள் சாயம் செலுத்துவதில் ஆபத்தும் இருந்தது. 1912-ல் மாயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 200 மில்லிகிராம் ஹெமட்டோபார்ஃபிரினைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். வெயில் பட்டதும் முகம் வீங்கிப்போனது. வெயில் ஒவ்வாமை மாதக்கணக்கில் நீடித்தது.

டாப்பைனர் 1927-ல் மியூனிக்கில் காலமானார். தம் சிகிச்சை மருத்துவமனைகளுக்குள் நுழைவதை அவர் பார்க்கவில்லை. 1970-களில் அமெரிக்காவில் டௌஹர்ட்டி அதை மீட்டெடுத்தார். 1990-ல் கனடாவில் கென்னடியும் சகாக்களும் சாயத்துக்குப் பதிலாக ஒரு மூலப்பொருளைத் தோலில் பூசினார்கள். செல்லே அதைச் சாயமாக மாற்றிக்கொள்கிறது. புற்றுச்செல்லில் அது கூடுதலாகச் சேர்கிறது. சில மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளி பட்டதும் அந்தச் செல் உள்ளிருந்தே அழிகிறது. வெயிலால் வரும் புற்று முன்நிலைத் தடிப்புகளுக்கும், மேலோட்டமான அடிச்செல் புற்றுக்கும் இது பயன்படுகிறது. எரிச்சல் உண்டு, தழும்பு குறைவு. அறுவையை விட நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஆழமான புற்றுக்கும், மெலனோமா என்னும் கொடிய வகைக்கும் இது ஏற்றதல்ல.

இத்தகைய களிம்பு ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம் லெவர்குசனில் இருக்கிறது. சாயத் தொழிற்சாலை நடத்திய ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. முன்நிலைத் தடிப்புகளுக்கு இப்போது விளக்குகூட இல்லாமல், களிம்பு பூசியபின் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருக்கச் சொல்லும் முறையும் வந்துவிட்டது. அந்தத் தடிப்புகளை உண்டாக்கிய வெயிலே மருந்தின் பாதியாகவும் ஆகிறது. இது டாப்பைனருக்கு வியப்பளித்திருக்காது என்றே நினைக்கிறேன்.